பிரித்து வைத்த பதிவு

மின்விசிறிக்கு நேர் கீழே மாணிக்கவேல் முதலாளி. அவர் பக்கத்து ஸ்டூலில் குமரேசன், மடியில் அச்செடுத்த தாள்கள். கவிழ்த்த பெட்டிமேல் தறிக்காரர் தனகோடி. வாசலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஸ்டெஃபி. சேவூர் விசைத்தறிக் கூடம் அன்று ஓய்ந்து கிடந்தது.

2006-ஆம் வருஷம் அது. ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சிகளைப் பெட்டி பெட்டியாகத் தறிக்குத் தறி கொண்டுபோகும் ரோபோ வண்டியை, பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த ஸ்டெஃபியும் குமரேசனும் செய்து கொடுத்திருந்தார்கள். வண்டியின் புரோகிராம் அவளுடையது. ஆபீஸ் அறையிலிருந்து பட்டனை அழுத்தி ஓட்டுகிற வெப் பக்கம் அவனுடையது. முந்தின நாள் அந்த வண்டி தனகோடியின் தறிக்குள் புகுந்து, அதில் பூட்டியிருந்த பட்டுப் பாவு நூலை அறுத்துவிட்டது.

"தானா ஓடிகீதுங்க," என்று குமரேசன் தாளை நீட்டினான். "வண்டியோட பதிவு. புரோகிராம்லதான் கோளாறு."

"எங்க ஊட்டு மாடு கூட அதட்டுனாதான் நவுரும்," என்றார் தனகோடி. "இது மாட்டவிட ரோஷக்காரியா இருக்குதே!"

ஸ்டெஃபி தாளைப் படித்தாள். ஒரு வரிகூடப் பொய்யில்லை. புறப்பட்டது, திரும்பியது, முட்டியது, எல்லாம் இருந்தது. யார் ஓட்டினார்கள் என்பதுதான் இல்லை.

வண்டி ஓடத் தொடங்கிய புதிதில் உத்தரவு, அசைவு எல்லாம் ஒரே கோப்பில்தான் விழுந்தன. அவனுடைய வெப் பக்கம் 'வண்டி எங்கே, வண்டி எங்கே' என்று ஓயாமல் கேட்கும். அந்த வரிகளுக்குள் வண்டியின் அசைவு புதைந்துபோகும். "பேஜாரா கீது ஸ்டெஃபி, ரெண்டையும் பிரிச்சுடேன்," என்றான். பிரித்தாள். உத்தரவுகள் அவன் கணினியில், அசைவுகள் வண்டியில். உத்தரவிட்டவர் பெயர் அவனிடம் இருக்கிறதே, இங்கே எதற்கு இன்னொரு தடவை என்று விட்டுவிட்டாள்.

"உன் கம்ப்யூட்டர்ல விழுந்த பதிவு எங்க குமரேசு?"

"டிஸ்க் ரொம்பிடுச்சு. அழிச்சுட்டேன்."

"நேத்து காலைல போன் பண்ணியே. களம்பூர் மில்லுக்காரருக்கு ஓட்டிக் காட்டப்போறேன்னு. சென்சார் இன்னும் சரி பண்ணல, தொடாதேன்னு சொன்னேன்ல?"

"போன் பண்ணேன். ஓட்டல." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார். "புதுசா கட்டுற கூடத்துக்கு வாங்கப்போற வண்டிக்கு, உனக்குப் பதிலா வேற ஆளை வெச்சுப் புரோகிராம் எழுதிக்கலாம்னு குமரேசு போன வாரமே சொல்லிகினு இருந்தாம்மா. நான்தான் யோசிச்சேன்."

போன வாரமே. பாவு அறுந்ததுகூட அவளுக்கு அவ்வளவு உறைக்கவில்லை.

மறுநாள் அவள் முதலாளிக்குக் கடிதம் எழுதினாள். மூன்று முறை கிழித்த பிறகு நின்றது இவ்வளவுதான்:

'ஐயா, உத்தரவு வராமல் வண்டி நகராது. அதை மெய்ப்பிக்க என் கையில் ஒன்றுமில்லை. பதிவுகளைப் பிரித்தது நான். ஒரு பாதியைக் குமரேசனை நம்பி விட்டதும் நான். வண்டியின் பதிவில் ஒவ்வோர் அசைவுக்கும் உத்தரவிட்டவர் பெயர் விழும்படி மாற்றும்வரை, யார் சொன்னாலும் அதை ஓட்டாதீர்கள். அடுத்த முறை அது தறிக்குள் புகுந்தால், தனகோடி அண்ணன் கை அங்கேதான் இருக்கும். குமரேசனோடு சேர்ந்து இனி நான் எந்த வேலையும் செய்வதற்கில்லை.'

உறையின் வாயில் பசை தடவி, அது பிடிக்கும்வரை கட்டைவிரலால் அழுத்தினாள். தபாலாபீஸ் ஜன்னலில் ரிஜிஸ்டர் தபாலாகவே கொடுத்தாள்.

"உள்ளூருக்கா ரிஜிஸ்டர்?" என்றார் உள்ளே இருந்தவர்.

"ஆமாங்க. கையெழுத்து வாங்கிகினு குடுக்கச் சொல்லுங்க."

முத்திரை குத்தி, உறையைப் பைக்குள் போட்டார்.