இரண்டு படங்களும் ஒரு ஜோடி சாக்ஸும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ஸ்கேன் சென்டரில் என் முறைக்காகக் காத்திருந்தபோது கிடைத்தது. எதிர் பெஞ்சில் ஒருவர் குனிந்து சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த பெண்மணி சர்க்கஸ் பார்ப்பதுபோல வாயைப் பிளந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்ஸ் போடுவதில் பார்க்க என்ன இருக்கிறது? மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு குகையைப்போல...' வேண்டாம். அந்தக் குகைக்குள் எல்லாரும் போய்வந்தாயிற்று.

இரண்டாவது: படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மா, தன் அறையில் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே பஸ் டிரைவரின் முதுகெலும்பு. ஒன்று, கிருமி புகுந்து அவர் படுத்த படுக்கையானபோது எடுத்தது. மற்றது, வாரக்கணக்கில் மருந்து ஏற்றியபின் இன்று எடுத்தது.

(இது தேவலை. இருக்கட்டும்.)

கிருமி தின்ற எலும்பு படத்தில் வெள்ளையாகத் தெரியும். இன்று அந்த வெள்ளை கூடியிருந்தது. ஓர் எலும்பு சற்று அமுங்கியும் இருந்தது. அறுவை டாக்டர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார், நோய் கூடியிருந்தால் நாளைக்கே முதுகைத் திறந்து கம்பி வைத்துவிடுவதாக. அப்புறம் டிரைவர் ஸ்டியரிங் பிடிப்பது சந்தேகம்தான்.

டாக்டரம்மா கீபோர்டில் தட்டினார்: 'நோய் முற்றியிரு

3

இங்கே நானும் நிறுத்தினேன். இவர் தொழிலில் ஆளைப் பார்க்கும் வழக்கமே இல்லை. படம் வரும், ரிப்போர்ட் போகும். இவரை எப்படி அறைக்கு வெளியே கொண்டுவருவது? காபி குடிக்க அனுப்பினேன். ஒட்டவில்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். பிறகுதான் ஃபைலில் இருந்த இரத்தப் பரிசோதனை ஞாபகம் வந்தது. அதில் கிருமியால் வரும் அழற்சியின் அளவு மளமளவென்று இறங்கியிருந்தது. படம் ஒன்று சொல்ல, இரத்தம் வேறொன்று சொன்னது. படம் ஆள் மாறிவிட்டதோ என்று பார்க்கத்தான் அவர் எழுந்து வெளியே பெஞ்சுக்குப் போனார்.

பெயரைக் கேட்டார், பிறந்த தேதியைக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. டிரைவர் ஒரு காலில் சாக்ஸோடும் மறுகாலில் இல்லாமலும் நிமிர்ந்தார்.

"வலி எப்படி இருக்கு?"

"இப்ப நல்லாத் தூங்கறேன், மேடம்."

பக்கத்திலிருந்த அவர் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை நாளும் நான்தான் இவனுக்கு சாக்ஸ் போட்டுவிட்டேன், மேடம். இன்னைக்குக் கையத் தட்டிவிட்டுட்டான்."

சொல்லும்போதே அழுதுவிட்டார். (உணர்ச்சி அதிகமோ என்று யோசித்தேன். அதிகமில்லை.)

4

அறைக்குத் திரும்பி மறுபடி பார்த்தார். எலும்பு ஆறும்போதும் கொஞ்ச காலம் வெள்ளையாகவே நிற்கும், சிலசமயம் கூடுதலாகவும் காட்டும். உடம்பு முன்னே போகும், படம் பின்னால் வரும். படித்த பாடம்தான். ஆனால் பளிச்சென்று தெரிவதில்தானே கண் போய் ஒட்டிக்கொள்கிறது! எலும்பையே பார்த்தவர், அதன் பக்கத்தில் கட்டியிருந்த சீழை விட்டுவிட்டார். போன படத்தில் எலுமிச்சை அளவு இருந்தது. இன்று பட்டாணி அளவுகூட இல்லை.

ஆனால் அந்த அமுங்கிய எலும்பு? அது நிஜம். இன்னும் அமுங்கினால் கால் மரத்துப்போகலாம்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அறுவை செய்யாமல் பொறுத்தார்கள், அவர் பஸ் ஓட்டினார். பொறுத்தார்கள், எலும்பு நொறுங்கியது. கம்பி வைத்தார்கள், அவர் பிழைத்தார், ஆனால் பஸ்ஸில் பயணியாகத்தான்... மூன்றையும் கிழித்தேன். எனக்கு அது ஒரு வரி. அவருக்கு அது முதுகு.

டாக்டரம்மா பழைய வரியை அழித்துவிட்டு, எலும்பையும் சீழையும் பற்றிப் பார்த்தது பார்த்தபடி எழுதினார். அடியில் எந்த ரிப்போர்ட்டிலும் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தார்: 'நோயாளியை நேரில் பார்த்தேன். தானே குனிந்து சாக்ஸ் போடுகிறார்.' நோய் கூடியதா குறைந்ததா என்று முடிவு சொல்லும் 'கருத்து' என்ற கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.

மேசையில் போன் அடிக்கிறது. அறுவை டாக்டர்தான். நாளைக்கு ஆபரேஷன் தியேட்டரை ஒதுக்கவா வேண்டாமா என்று கேட்கப்போகிறார்.

இரண்டு படங்களையும் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். சாக்ஸையும் பார்த்துவிட்டீர்கள். போனை எடுங்கள்.