மறைப்புக்குப் பின்னால் ஒரு மூன்று

கொட்டிவாக்கத்திலிருந்து திரும்பிய சந்திரிகா, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அவர்களுடைய ஜவுளிக்கடைக்குப் பின்தெருவிலேயே வீடு. காபி குடித்துவிட்டுப் போகலாமென்று வந்திருந்த அவள் கணவன் ஆனந்தகுமார் டம்ளரைக் கீழே வைத்தான்.

"என்னாச்சு? ஊர்ல யாருக்காவது ஏதாவதா?"

"செம்பா செத்துட்டா."

செம்பா என்று உறவில் யாரும் இல்லை. யோசித்த பிறகுதான் அவனுக்குப் பிடிபட்டது. கொட்டிவாக்கத்தில் கதிரேசன் சனிக்கிழமைகளில் நடத்தும் கதை ஆட்டத்தில் சந்திரிகா ஏற்றிருந்த படகுக்காரி அவள்.

அந்த நண்பர் கூட்டத்துக்கே இந்த விளையாட்டைப் பழக்கியவன் ஆனந்தகுமார்தான். ஒருவர் மாஸ்டராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அதற்குள் போவார்கள். வீசிய கத்தி படுமா படாதா, தாண்டியவன் பள்ளத்தில் விழுவானா என்பதையெல்லாம் இருபது முகப் பகடை முடிவுசெய்யும். தாக்குபவருக்குப் பெரிய எண் விழுந்தால் அடி படும், சின்ன எண் விழுந்தால் தவறும். ஞாயிறு மதியம் ஜவுளிக்கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு, தி.நகரில் இதே வீட்டின் கூடத்தில் வருஷக்கணக்காக அவன் ஆட்டம் நடத்திவந்தான். அங்கே விளையாடிப் பழகிய கதிரேசன்தான் இப்போது சொந்தமாக இன்னொன்று ஆரம்பித்திருந்தான்.

"எப்படிச் செத்தா?" என்று கேட்டான்.

"படகு கவுந்துடுச்சு. அந்தக் கர்ப்பிணிப் பொண்ணைக் கரையில ஏத்திவிட்டுட்டேன். நான் ஏர்றதுக்குள்ள முதலை வந்துடுச்சு. கதிர் டைஸை எல்லார் முன்னாடியும் நடு மேஜையில போட்டான். இருபது. அவ்ளோதான்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு முகம் கழுவப் போனாள். ஆனந்தகுமாருக்குக் காபி இறங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க செம்பா அந்த வீட்டிலேயே இருந்தாள். சாம்பார் கொதிக்கும்போது சந்திரிகா அவளைப் பற்றி யாரிடமாவது போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். செம்பா பாடுவதாக அவளே இட்டுக்கட்டிய ஒரு ஓடப்பாட்டைத் துணி மடிக்கும்போது முணுமுணுத்தாள். கதிரேசன்மேல் அவளுக்கு வேறு ஏதோ என்று ஆனந்தகுமார் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. அப்படி இருந்தால் சண்டையாவது போடலாம். இது சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் நெஞ்சில் நின்றது.

அவன் ஆட்டத்தில் அவளுக்கு நாச்சி என்று ஒரு வில்லாளி. அந்த நாச்சி எத்தனையோ தடவை செத்திருக்க வேண்டியவள். மாஸ்டரின் பகடையை மற்றவர்கள் பார்க்காதபடி முன்னால் ஒரு மறைப்பு அட்டை நிற்கும். அதற்குப் பின்னால் பதினெட்டு விழும், பத்தொன்பது விழும். "மயிரிழையில தப்பிச்சா" என்று இவன் சொல்வான். எல்லோரும் கைதட்டுவார்கள். அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே அடுத்த அம்பை எடுப்பாள். அதைத் தன் பிரியம் என்றே அவன் நினைத்திருந்தான். இத்தனை செய்தவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஒன்றும் செய்யாமல் பகடையை உருட்டிவிட்டவனுக்கு ஒரு வாரத் துக்கம்.

வியாழக்கிழமை கதிரேசன் போன் செய்தான். "அண்ணே, சந்திரிகா ரொம்ப வருத்தப்பட்டாங்களா? மாத்திச் சொல்லியிருக்கலாமோன்னு இருக்கு. நீங்கன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

"விழுந்தது விழுந்ததுதான் தம்பி" என்றான் ஆனந்தகுமார், பெரிய மனிதத் தோரணையில். போனை வைத்ததும் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பழைய நண்பன் ஷரீஃப் ஆட வந்தான். கதிரேசனும் வந்தான். கதை ஒரு மலைக்குகைக்குள் போயிருந்தது. தொங்குபாலத்தின் மறுபக்கம் மற்றவர்கள் தப்பிக்க, காவல் பூதத்தைத் தடுக்க நாச்சி பின்னால் நின்றுகொண்டாள். பூதம் ஈட்டியை ஓங்கியது. ஆனந்தகுமார் மறைப்புக்குப் பின்னால் பகடையை உருட்டினான்.

மூன்று. அந்த ஈட்டி அவள் நிழல்மேல்கூடப் படாது.

"இருபது" என்றான்.

பிறகு அவள் சாவைச் சொன்னான். புடவைகளைப் பிரித்துக் காட்டும் நேரத்திலெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான் போல, அவ்வளவு அழகாக வந்தது. ஈட்டி நெஞ்சில் இறங்கியது. வில் பள்ளத்தில் விழுந்தது. அறுந்துபோன பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து தோழர்கள் கூப்பிட்டார்கள். ஷரீஃப் தலையைக் குனிந்துகொண்டான். சொல்லி முடித்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தான் ஆனந்தகுமார்.

அவள் கண் காய்ந்திருந்தது.

"டைஸைக் காட்டுங்க."

"இதுவரைக்கும் கேட்டதே இல்லையே நீ."

"இப்பக் கேக்குறேன்."

விரலால் ஒரு தட்டு தட்டிப் பகடையைப் புரட்டியிருக்கலாம். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து மறைப்பை எடுத்தாள். மூன்றுதான் இருந்தது.

"இன்னா மச்சி இது?" என்றான் ஷரீஃப். "சாவடிக்கிறதுக்கு எவனாவது பொய் சொல்வானா?"

சந்திரிகா கோபப்படவில்லை. அதுதான் ஆனந்தகுமாருக்குக் கஷ்டமாக இருந்தது. "காப்பாத்தறதுக்கு நீங்க சொன்ன பொய்யெல்லாம் எனக்குத் தெரியும். டைஸைப் பார்த்துட்டு ஒரு நொடி நிப்பீங்க. உங்களுக்கு அதுல ஒரு சந்தோஷம்னு விட்டுட்டேன். இது எதுக்கு?"

கதிரேசன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் சொல்வதைவிடப் பேசாமல் எழுந்து கடைக்குப் போய்விடலாம். ஆனாலும் ஆனந்தகுமார் சொன்னான்.

"செம்பாவுக்கு அழுதியே. நாச்சிக்கும் அழுவேன்னு பார்த்தேன்."

கதிரேசன் தரையைப் பார்த்தான். அவள் சிரித்துவிடுவாள் என்று ஆனந்தகுமார் பயந்தான். அவள் சிரிக்கவில்லை.

"நாச்சிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும். அப்புறம் எப்படிங்க அழுகை வரும்?" என்றவள், தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். "விழுந்தது மூணு. அவ இன்னும் பாலத்துலதான் நிக்கிறா. நடத்துங்க."

மறைப்பை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஆனந்தகுமார் பூதத்தின் அடுத்த குத்துக்கான பகடையை நடு மேஜையில் உருட்டினான். பதினெட்டு. ஈட்டி அவள் தோளைக் கிழித்தது. இன்னொரு குத்து பட்டால் நாச்சி இல்லை. சந்திரிகா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு வெளுத்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவன் தன் கூடத்தில் பார்த்ததில்லை.

மறுபடி பகடையை எடுத்து உள்ளங்கையில் குலுக்கினான். நாச்சி சாகக் கூடாது என்று வேண்டிக்கொள்வதைத் தவிர அவன் செய்ய ஒன்றும் இல்லை. உருண்டு நின்றது: ஐந்து. நாச்சி ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்து மறுபக்கம் போய் விழுந்தாள். சந்திரிகா மூச்சை விட்டாள். ஷரீஃப் அவள் முதுகில் தட்டினான்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போது, "அடுத்த வாரமும் இப்படியே திறந்து போடுவீங்களாண்ணே?" என்று வாசலில் கதிரேசன் கேட்டான். அதில் குத்தல் எதுவும் இல்லை. ஆனாலும் ஆனந்தகுமாருக்குச் சுருக்கென்றது. இவன் சொல்லிக்கொடுத்த விளையாட்டு. இப்போது கதிரேசன் பாணியில் ஆடவேண்டியிருக்கிறது.

"போடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அண்ணனைக் கடையிலிருந்து விடுவிக்கப் புறப்பட்டான். சந்திரிகா கைப்பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். தெருமுனையில், நாச்சியின் தோள் ஆற எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள்.