காற்றுத்துளை இல்லாத மூடி

அன்று ஸ்லாட்டிபோர் மலைச்சாலையில் இருந்தவர்கள் நான்கு பேர்: லாரி ஓட்டிய நெடேல்கோ, அவன் மனைவி ரோசாண்டா, மெக்கானிக் ஸ்டாமென்கோ, லாரியின் சொந்தக்காரரும் ரோசாண்டாவின் அப்பாவுமான வுகோயே. காபிக்கடையில் இருந்துகொண்டு கண்ணால் பார்த்ததாகச் சொல்பவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. அவர்கள் வாய்தான் என்னை எழுத வைத்தது.

1

"மட்டமான டீசல் டேங்கு மூடியை ஏமாற்றி விற்ற கடைக்காரன்..."

(இந்தத் தொடக்கத்தை அடித்துவிட்டேன். கடைக்காரன் ஒழுங்காகத்தான் கேட்டான்: "உங்க டேங்குக்குக் காத்து போற வழி தனியா இருக்கா, மூடியிலேயா?" வுகோயே சொன்ன பதில்: "முப்பது வருஷமா லாரி வெச்சிருக்கேன். நீ பூட்டைக் காட்டு.")

2

வுகோயே கவனமானவர். டீசல் டேங்கைத் தாங்கும் பட்டைகளை மாதம் தவறாமல் முறுக்குவார். பட்டைக்கடியில் ரப்பர் தேய்ந்தால் மாற்றுவார். டேங்கு வாயிலுள்ள சல்லடையைத் தானே கழுவுவார். அப்படிப்பட்டவர் நன்றாக இருந்த பழைய மூடியை எதற்கு மாற்றினார்? திருட்டுக்குப் பயந்து.

[போதாது. மருமகனை நம்பாமல்.]

புதிய மூடியில் பூட்டு இருந்தது; அதன் சாவிகள் இரண்டும் அவர் சட்டைப்பையில் இருந்தன. முற்றத்தில் டேங்கை நிரப்புவதும் அவர், பூட்டுவதும் அவர்.*

3

அந்த மலையின் பைன் மரங்கள் ஆடி... (மரங்களுக்கு இதில் வேலை இல்லை.) ஏற்றத்தின் பாதியில் எஞ்சின் நின்றது. நெடேல்கோ போன் செய்தான்.

"மாமா, டீசல் ஏறல. டேங்கு உள்ளுக்கு ஒடுங்கிக் கிடக்கு."

"எங்க கொண்டுபோய் இடிச்சே?"

"எங்கயும் இடிக்கல. மூடியைத் திறக்கணும். சாவி உங்ககிட்டதான் இருக்கு."

மகளையும் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு வுகோயே போனார். சாவியைத் திருப்பியதும், தண்ணீருக்குள் அமுக்கி வைக்கப்பட்டவன் தலை தூக்கியதுபோல் டேங்கு காற்றை இழுத்தது. ஸ்டாமென்கோ குச்சியை விட்டு அளந்தான்.

"முக்கால் டேங்கு இருக்கு அண்ணே. பழைய மூடியில காத்துத்துளை இருந்துச்சு, இதுல இல்ல. டீசல் குறையக் குறையக் காத்து உள்ளே போக வேணாமா? டேங்கோட கழுத்தை நெரிச்சிட்டீங்க. பூட்டு மட்டும் பிரமாதம்."

"அப்பா, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் ரோசாண்டா.

"வண்டியை எடு" என்றார் வுகோயே.

4

ஒடுங்கிய டேங்கோடு லாரி ஊருக்குள் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மறுநாளே காபிக்கடையில் கதை தயார்: மருமகன் வழியில் டீசலை விற்றான், வண்டி காய்ந்து நின்றது, மாமனார் கையும் களவுமாகப் பிடித்தார். வுகோயே அடுத்த மேசையில் இருந்தார். மருமகனின் குடும்பப் பெயர் வேறு, இந்தச் சேறு நம் வாசலுக்கு வராது என்று நினைத்தபடி காபியைக் குடித்து முடித்தார்.

(இந்த ஆளை இனியும் "அவர்" என்று எழுத முடியவில்லை. வுகோயே நான்தான்.)

மூன்று வாரம் கழித்து நெடேல்கோ லாரிச் சாவியை என் மேசையில் வைத்தான். "உங்க சாவிகளோட இதையும் வெச்சுக்கோங்க, மாமா."

5

எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பமும் தன் குலப் புனிதர் நாளில் வீட்டில் விருந்து வைக்கும்; அதற்கு யாரையும் அழைப்பதில்லை. நம்மை மதிப்பவர்கள் தாமாக வருவார்கள். வருகிற வியாழக்கிழமை எங்கள் புனிதர் நாள். காபிக்கடைக்காரர்கள் தவறாமல் வருவார்கள், பன்றி வறுவல் இருக்கிறதே. மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டியை வெட்டுவதற்கு முன் நின்றபடி இதை வாசிக்கப்போகிறேன்.

முடிவு ஒன்று: நெடேல்கோ வாசலில் நின்று கேட்கிறான். முடிவு இரண்டு: அவன் வரவில்லை. இரண்டில் எதையும் நான் எழுதமாட்டேன். அது அவன் எழுத வேண்டியது.

மற்றபடி, நெடேல்கோ டீசல் விற்கவில்லை. டேங்கில் முக்கால் பங்கு இருந்தது. தவறான மூடியை வாங்கியவன் நான்.

* மூடி வாங்குவோருக்கு: பூட்டுக்கு முன் காற்றுத்துளையைப் பாருங்கள். ஒரு சாவி ஓட்டுபவனிடம் இருக்கட்டும்.