ஆம்பியர் முள்

ஆம்பியர் முள் படுத்துவிட்டது, பேட்டரி நிறைந்துவிட்டது என்று சொல்லி லோகநாதனின் வேன் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தது நான்தான். முள் படுத்தது உண்மை. நிறைந்தது பொய். பழவேற்காட்டில் இருபது வருடமாகப் பேட்டரிக் கடை நடத்துகிறவனுக்கு மீட்டர் பார்க்கத் தெரியவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். என் மனைவி ஃபர்ஹத் நம்புவாள்.

சார்ஜரில் இரண்டு மீட்டர்கள் உண்டு. ஒன்று ஆம்பியர், ஒன்று வோல்ட். காலிப் பேட்டரியை மாட்டினால் ஆம்பியர் முள் எகிறும். நிறைய நிறைய அது கீழே இறங்கும், வோல்ட் முள் மேலே ஏறிப் பதினாலைத் தாண்டி நிற்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அல்லா எனக்கு இரண்டு கண்களைக் கொடுத்தது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அன்று மாட்டும்போது நான் எதையும் பார்க்கவில்லை, கழற்றும்போது ஆம்பியரை மட்டும் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் கிடந்தது.

பூஜ்யத்துக்குக் காரணம் வேறு. பராமரிப்பு வேலைக்காக ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். என் கடையில் மட்டும் மின்விசிறி சுற்றியது, ரேடியோ பேசியது. இன்வெர்ட்டர். பேட்டரிக்காரன் கடையில் இருட்டு இருந்தால் மரியாதை போய்விடும் என்று சொந்தச் செலவில் வைத்துக்கொண்டது. சார்ஜரை அதில் சேர்க்கவில்லை. சார்ஜரின் சிவப்பு விளக்கு போன வருடமே அணைந்துவிட்டது, மாற்ற நேரமில்லை. ஆக, பழவேற்காட்டில் கரண்டு போனது தெரியாத ஒரே ஆள் நான்.

"ஃபுல்லாயிட்ச்சா பாய்?" என்று லோகநாதன் கேட்டான்.

"முள்ளு படுத்துட்ச்சு. எடுத்துனு போ."

வோல்ட் மீட்டரைப் பார்த்திருந்தால் அது பன்னிரண்டிலேயே நிற்பது தெரிந்திருக்கும். அதன் மேல் என் துண்டு தொங்கியது.

மறுநாள் காலை அவனுக்குக் காட்டுப்பள்ளிப் பக்கம் வேலை. துறைமுகத்துக்கு ஆள் ஏற்றிப் போக வேன் வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் ஐந்து வண்டிகளைக் கூப்பிட்டிருந்தார், இரண்டுக்குத்தான் இடம். அதை நம்பி லோகநாதன் ஒரு காரியம் செய்திருந்தான். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று அவர்கள் மீனவர் குப்பத்தில் வருடத்துக்கு ஒருமுறை சீட்டு எடுப்பார்கள். அதைப் பாடு என்பார்கள். இந்த வருடம் தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவன் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டான். துறைமுகத்தை எதிர்த்து அவர்களோடு கொடி பிடித்தவன், இப்போது அங்கேயே வேன் ஓட்டப் போகிறான். கூட்டம் அவனைத் திட்டியது. திட்டிவிட்டு, பெயரை விட்டுவிட்டுச் சீட்டு எடுத்தது. அடுத்த சீட்டு அடுத்த வருடம்தான்.

பேட்டரியில் ஏற்கெனவே மிச்சமிருந்த சார்ஜ் இரண்டு தடவை தாங்கியது. என் கடை வாசலில் ஒருமுறை, காலையில் அவன் வீட்டு வாசலில் ஒருமுறை. மூன்றாவது தடவை, ஒப்பந்தக்காரரின் ஆள் ஐந்து வண்டிகளையும் வரிசையில் நிறுத்தி, அணைத்துவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னபோது, டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வேலை போனது.

மதியம் டிராக்டர் கயிறு கட்டி வேனை இழுத்துக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போனது. உள்ளே லோகநாதன் ஸ்டீயரிங் பிடித்தபடி எனக்குக் கை காட்டினான். சாயங்காலம் எதிர்க்கடை ஜெகபர் அலி, நேற்று முழுக்கக் கரண்டு இல்லாமல் மாவு மெஷினில் ஒரு படிகூட அரைக்கவில்லை என்று புலம்பியபோதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

அன்றே பாலத்தைத் தாண்டிக் குப்பத்துக்குப் போனேன். ஒப்புக்கொள்ளத்தான் போனேன், சத்தியமாக. ஆனால் வாய் வேறு விதமாகக் கேட்டது: பேட்டரிதான் மக்கர் பண்ணியதா? லோகநாதன் சிரித்தான்.

"வண்டிக்கே மூடு இல்ல பாய். வுடு."

புதுப் பேட்டரி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கு இதெல்லாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டான். மறுபடி கேட்டேன். வயரிங்கா இருக்கும் என்றான். மூன்றாம் முறை, நேரம் சரியில்லை என்றான். ஒவ்வொரு முறையும் எனக்கு நாற்காலி வந்தது, கலர் சோடா வந்தது. அவன் தம்பி இளவழகன் போன மாசம் ஒருத்தன் வலையைப் படகில் இழுத்துக் கிழித்தபோது, அவனை ஊர்க்கூட்டத்தில் நிற்க வைத்துப் பாட்டன் வரைக்கும் திட்டி, அபராதம் போட்டார்கள். அன்று சாயங்காலமே திட்டியவன் வீட்டில் அவன் மீன் குழம்பு சாப்பிட்டான். அவன் அவர்கள் ஆள். எனக்கு மரியாதை மட்டும்தான் கொடுத்தார்கள். இவ்வளவு மரியாதையை என் வீட்டில்கூட நான் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் போனது. வேனை விற்றுவிட்டார்கள். பாடும் இல்லாமல் வேனும் இல்லாமல் லோகநாதன் காசிமேட்டு விசைப்படகு ஒன்றில் கூலிக்கு ஏறிவிட்டான், போனால் பத்து நாள் கடலில். ஒரு காலை நான் போனபோது அவன் மனைவி ஜெயம்மா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள், வேறொருவர் தன் பாடு முறையில் பிடித்த இறால், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு. நாற்காலி எடுக்க எழுந்தாள். வேண்டாம் என்று மணலிலேயே உட்கார்ந்தேன்.

இந்தத் தடவை கேள்வி கேட்கவில்லை, சொன்னேன். கரண்டு இல்லாதது, இன்வெர்ட்டர், துண்டு, நான் பார்க்காத வோல்ட் மீட்டர், எல்லாவற்றையும். நடுவில் வழக்கம்போல ஒரு ஜோக் வந்தது, அதை விழுங்கிக்கொண்டேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அவருக்குத் தெரியும்," என்றாள். "அங்கியே ஒரு டிரைவரு மீட்டர் வெச்சிப் பார்த்து சொல்லிட்டானாம், பேட்டரில ஒண்ணுமே ஏறலன்னு. பாய்கிட்ட கேக்காத, மனசு கஷ்டப்படும்னு என் வாயக் கட்டிட்டாரு."

"அப்போ என்னாலதானே ஜெயம்மா?"

அவள் கையிலிருந்த இறாலைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் என்னை நீங்கள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"ஆமா. உன்னாலதான்."