எந்தக் கெட்டி

...கெட்டியானதா பாத்து ஏத்துங்கண்ணே என்றுதானே சொன்னேன், காலையில் போனில், பல் துலக்கிக்கொண்டே, இப்போது கொமுட்டர் ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டிய பிறகு அந்தச் சொல் என் கழுத்தைப் பிடிக்கிறது, நான் நினைத்தது சுவர் தடித்த எல்போ, குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு, ஆனால் போன மாதம் ஷா ஆலம் ஸ்டோரில் இன்னொரு குவியலைக் காட்டி, இரும்பு ரொம்ப கெட்டிண்ணே, கடினம் ராக்வெல் இருபத்தாறு காட்டுது, இருபத்திரண்டத் தாண்டினா சவர் லைனுக்கு ஆகாது, ஒதுக்கிடுங்க என்றதும் இதே வாய்தானே... ஸ்டோர் கன்னையா அண்ணன் எதை ஏற்றினார்? லோரி பத்து மணிக்கே கேஸ் பிளான்டுக்குக் கிளம்பிவிட்டது. சவர் என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த கேஸ், இரும்பு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு சுலபமாக விரிசல் விட வைக்கும், வெளியே துருகூடத் தெரியாது, ஒருநாள் பிளக்கும், பக்கத்தில் வால்வு திருப்புகிறவன் இரண்டு மூச்சு இழுத்தால் போதும்... நாலு தடவை அண்ணனுக்குப் போன் அடித்தாயிற்று, எடுக்கவில்லை. கல்யாணப் புடவை எடுக்க அரைநாள் லீவு போட்டது இதற்குத்தானா, பிரிக்பீல்ட்ஸ் சென்ட்ரல் ஸ்டேஷனில் தங்கை ஷார்மைன் காத்திருக்கிறாள், எனக்குப் பேசிவைத்த நிறம்கூட நினைவில் இல்லை. மனுஷன் ஒரு வார்த்தை, எந்தக் கெட்டி என்று கேட்டிருக்கக் கூடாதா?

அப்துல்லா ஹூக்கும் ஸ்டேஷன் வரும்போது போன் அடித்தது. ஆட்ரி மேடம், ஃபோர்க்லிஃப்ட் சத்தத்துல கேக்கல லா. எந்தக் கெட்டிண்ணே ஏத்துனீங்க? தடிச்சதுதான் மேடம், அந்த இருபத்தாறு சனியனையா ஏத்துவேன், அதுக்கு அன்னிக்கே செவப்பு பெயிண்ட் அடிச்சு மூலைல போட்டாச்சு, ஏத்துனத போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன் பாருங்க... பார்த்தேன், எல்போவில் குத்தியிருந்த எண், நான் கையெழுத்திட்ட சர்டிபிகேட்டில் உள்ள அதே எண், ராக்வெல் பத்தொன்பது, அப்பாடா, ஏசுவே, உடம்பே லேசாகிவிட்டது, சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, எதிர் சீட் ஆன்டி நிமிர்ந்து பார்க்கிறார், பார்க்கட்டும். சந்தோஷத்தில் சும்மா கேட்டேன், ஏண்ணே, சந்தேகமா இருந்தா ஒரு போன் போட்டிருக்கலாம்ல? சந்தேகம் இருந்துச்சு மேடம், என்றார், கோபமே இல்லாமல். போன வாரம் எல்லார் முன்னாலயும் சொன்னீங்கல்ல, ஒரே விஷயத்த எத்தன தடவ கேப்பீங்கன்னு... அதான் நானே யோசிச்சுக்கிட்டேன்.

சென்ட்ரல் வந்துவிட்டது. ஷார்மைன் தூரத்தில் கையை ஆட்டுகிறாள், நானும் ஆட்டுகிறேன், நிம்மதிதான், நிம்மதி இல்லாமல் என்ன, சரியாக யோசித்திருக்கிறார்... தப்பாக யோசித்திருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.