சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து

என் வீட்டுக்காரர் ஜீவராஜ் நல்லவர். ஆனால் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரை நான் ஒரு நாள் பார்த்தே ஆக வேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, பிள்ளைகள் இரண்டும் டியூஷன் போயிருந்த நேரத்தில், எங்கள் ஆணுறை கிழிந்துவிட்டது. நான்கு மாதத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்திருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து டீச்சராகப் போகும் முதல் ஆள் நான். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அங்கே போய் நிற்பதா? அழுகையே வந்துவிட்டது. அவர் உடனே தோட்டத்து மிட்வைஃபிடம் ஓடினார்.

"மூணு நாளைக்குள்ள மாத்திரை போட்டுக்கணுமாம். ஹட்டன்ல கெடைக்குமாம். நான் வாங்கியாறேன், நீ கவலப்படாத" என்றார்.

ஞாயிறு கிரிக்கெட் பார்த்தார். திங்கள் போயா, பௌர்ணமி லீவு. காலையில் பார்த்தால் மனிதர் போர்வைக்குள் கிடக்கிறார்.

"என்னாங்க, மாத்திரை?"

"அவசரமில்ல கிருஷாந்தி. நேத்து ஞாயிறு, பேர் இல்ல. இன்னிக்குப் போயா, அதுவும் பேர் இல்ல. நாளைக்குத்தான் மொதப் பேரே. வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்போம். லீவு நாளில் செக்ரோல் புத்தகத்தில் பேர் விழாது. அந்தக் கணக்கை இந்த மனிதர் என் வயிற்றுக்குப் போட்டிருக்கிறார்!

"என் வயிறு என்ன செக்ரோல்லயா இருக்கு, போயாவுக்கு லீவு எடுக்க?" என்று போர்வையை உருவினேன்.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்காவிடம் விட்டுவிட்டு, பொகவந்தலாவையில் பஸ் ஏறினோம். எனக்கு வளைவு ரோடு ஒத்துக்கொள்ளாது. நோர்வூட் வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி.

ஹட்டன் மருந்துக்கடையில் யாழ்ப்பாணத்துக் கனகாம்பிகை அம்மா இருந்தார்.

"எத்தினை மணித்தியாலமாச்சு?"

இவர் கூரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், நாற்பத்து நான்கு.

"எழுபத்திரண்டு மணித்தியாலம் வரைக்கும் போடலாம். ஆனா முந்திப் போட்டாத்தான் பலன் கூட. நேற்றே வந்திருக்க வேணும்." இவரை ஒரு முறை முறைத்தார். "நூற்றுக்கு நூறு எண்டு சொல்லேலாது. மாதவிடாய் ஒரு கிழமைக்கு மேல பிந்தினா சோதிச்சுப் பாருங்கோ. மூண்டு மணித்தியாலத்துக்குள்ள சத்தி எடுத்தா திரும்பவும் போட வேணும்."

சத்தி என்றால் வாந்தி. நான் மாத்திரையை விழுங்கிவிட்டு இவரைப் பார்த்தேன். ஊருக்குப் போகிற பஸ் வெளியே ஹார்ன் அடித்தது.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மூன்று மணிநேரம் சும்மா இருந்தது அன்றைக்குத்தான். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் தும்மினால்கூட "மெதுவா, மெதுவா" என்று பதறினார். பிளேன்டீயை ஊதி ஊதிக் கொடுத்தார். கோபமாகவே இருக்க எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை.

அப்புறம் காத்திருப்பு. நாள் தள்ளிப்போனது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். இவருக்குச் சோறே இறங்கவில்லை. "எல்லாம் என்னாலதான்" என்றார். ஆமாம் என்றேன்.

நான்காம் நாள் விடிய வந்துவிட்டது. காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கே ஓடினேன். வேலைக்குப் போகிற ஆட்கள் எல்லாம் வரிசையாக நிற்கிறார்கள். வெட்கமாவது ஒன்றாவது, ரோட்டில் நின்றபடியே கத்தினேன்:

"வந்துருச்சுங்க!"

இவர் துள்ளிக் குதித்தார். கங்காணி முத்துலிங்கம் திரும்பி, "யாருப்பா வந்தா?" என்று கேட்டார்.

"டீச்சரு! டீச்சரு வந்துட்டாங்க!" என்றார் இவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கங்காணி அவசரமாகச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். அங்கே நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.