முஜிப் ஏற்றத்தில் நின்ற கார்

நிதால் மிதித்துக்கொண்டே இருந்தான். ஆக்ஸிலேட்டர் தரையைத் தொட்டுவிட்டது. எஞ்சின் மட்டும் தனக்கும் அந்தக் காலுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல மெல்ல முனகியது. முஜிப் பள்ளத்தாக்கின் அணையைத் தாண்டி தீபான் ஊர்ப் பக்கத்து ஏற்றத்தில் பாதிகூட ஏறவில்லை. கார் நின்றது. பிறகு பின்னால் உருளத் தொடங்கியது.

"பிரேக்குடா! பிரேக்கு!" என்று பக்கத்து இருக்கையில் இருந்த பெரியப்பா அபூ கலஃப் கத்தினார்.

பின்னால் வந்த தண்ணீர் லாரி ஹாரனை அலறவிட்டபடி ஒதுங்கி, கண்ணாடியை உரசுவதுபோல் கடந்து போனது. நிதால் கைபிரேக்கை இழுத்துப் பிடித்தான். பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர் ஹாஜி மிஸ்லெஹ் விழித்து, "வந்துட்டமா?" என்றார்.

"வந்துட்டோம், சொர்க்கத்துக்கு! இறங்கி சக்கரத்துக்குக் கல்லு வையும்" என்றார் பெரியப்பா.

நிதால் இறங்கினான். மேலே மலை விளிம்பில் தீபான் வீடுகள் தெரிந்தன. அந்த வீடுகளில் ஒன்றில்தான் அவன் மனைவி அரீஜ் இருந்தாள். கோபித்துக்கொண்டு மகள் தாலீனோடு தாய்வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. அவள் தந்தை அபூ ஹைதம் சொல்லி அனுப்பியிருந்த வார்த்தை ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குள் பெரியவர்களோடு முறைப்படி வந்து கேட்கட்டும், வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டில் விவாகரத்து மனு. மதிய ஜும்மா தொழுகை முடிந்த கையோடு கராக்கிலிருந்து கிளம்பியாகிவிட்டது. இப்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பள்ளத்தாக்குக்குள் போனில் சிக்னல் இல்லை.

"கராக் முழுக்க காருக்கு வைத்தியம் பாக்குற எலக்ட்ரீஷியன் நீ. உன் வண்டியே நின்னு போச்சுன்னா அபூ ஹைதம் நம்புவானாடா? டயர் பஞ்சர்னு சொல்லிக்கலாம். அதுதான் மரியாதை" என்றார் பெரியப்பா.

நிதால் டிக்கியைத் திறந்தான். அரிசி மூட்டை, சர்க்கரை, காப்பிக்கொட்டை, இனிப்புத் தட்டு. எல்லாம் இருந்தன.

"பெரியப்பா, என் டூல் பாக்ஸ் எங்க?"

"உன் வீட்டு வாசல்ல இறக்கி வெச்சுட்டேன். பொண்டாட்டியக் கூப்பிடப் போறவன் கிரீஸ் நாத்தத்தோடயா போவான்? அரிசி மூட்டைக்கு எடம் வேணாமா?"

நிதால் டிக்கியை மூடினான். அவனுக்கு அழ வேண்டும்போல் இருந்தது. இரண்டு கிழவர்கள் முன்னால் அழவும் முடியாது.

சண்டை இந்தக் காரால்தான் வந்தது. ஒருநாள் தாலீனைக் கூட்டிக்கொண்டு அரீஜ் தாய்வீட்டுக்கு ஓட்டிப் போனாள். இதே ஏற்றத்தில் கார் இழுக்காமல் நின்றுவிட்டதாகவும், பின்னால் லாரிகள் வரிசையாக வந்ததாகவும், குழந்தை கதறியதாகவும் திரும்பி வந்ததும் சொன்னாள். நிதால் பட்டறையின் பெரிய ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறுகூடப் பதிவாகியிருக்கவில்லை. ஊருக்குள் ஓட்டிப் பார்த்தான், கார் குதிரைபோல் ஓடியது. "வண்டியில ஒண்ணுமில்ல. உனக்கு ஏத்தத்தைக் கண்டா பயம், அவ்வளவுதான். கால் நடுங்கியிருக்கும்" என்று சிரித்தான். பட்டறைக்கு வந்த நண்பர்களிடமும் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவள் காதுக்கு வந்த மறுநாள் அவள் பெட்டி கட்டினாள்.

"பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டுடா. எல்லாரும் அதைத்தானே பண்றாங்க? மறுபடி கிளம்பிடும்" என்றார் பெரியப்பா.

அது உண்மைதான். நிதால் பானெட்டைத் தூக்கி, பேட்டரி முனையின் நட்டில் விரலை வைத்தான். நட்டு கையாலேயே சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அவன் அதை ஒருபோதும் தளர விட்டதில்லையே.

விரல் அங்கேயே நின்றது.

அன்று அரீஜ் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். 'லாரிக்காரர் ஒருத்தர் இறங்கி வந்து பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டினாரு, அப்புறம்தான் ஏறுச்சு.' அவன் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஒயரைக் கழற்றினால் கம்ப்யூட்டரின் நினைவில் இருக்கும் கோளாறெல்லாம் அழிந்துபோகும் என்று பட்டறைக்கு வரும் எல்லோருக்கும் சொல்பவன் அவன்தான். அழிந்துபோன நினைவைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சொன்னவனும் அவன்தான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"கழட்டக்கூடாது பெரியப்பா" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

டாஷ்போர்டுக்குக் கீழே எப்போதும் செருகியிருக்கும் சின்ன ஸ்கேனர் கட்டை இருந்தது. அதைப் போனோடு இணைத்தான். இந்த முறை கோளாறு பதிந்திருந்தது: ஆக்ஸிலேட்டர் சென்சார்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே காலின் அழுத்தத்தை இரண்டு சென்சார்கள் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று சொல்லும் அளவில் பாதியை மற்றது சொல்லும். அந்தக் கணக்கு பிசகினால் கம்ப்யூட்டர் இரண்டையுமே நம்பாது, காரை நொண்ட விட்டுவிடும்.

எஞ்சினை அணைத்துச் சாவியை மட்டும் போட்டுவிட்டு, கையால் பெடலை மெல்ல அழுத்தினான். திரையில் இரண்டு எண்களும் சேர்ந்து ஏறின. ஊருக்குள் ஓட்டும் அளவுவரை பிசகே இல்லை. பெடல் தரையை நெருங்கியபோது இரண்டாவது எண் பொத்தென்று சுழியத்துக்கு விழுந்தது. ஏற்றத்தில் மிதிக்கும் மிதிக்கு மட்டும்!

பெடலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, மேலே போகும் ஒயரை ஆட்டினான். எண் விழுந்தது, எழுந்தது, விழுந்தது. அப்படியானால் சென்சார் நல்லது, ஒயர் சேரும் இடம்தான் கெட்டது. புது ஜிப்பாவோடு தரையில் மல்லாந்து, தலையைப் பெடலுக்கு அடியில் நுழைத்துப் பிளக்கை உருவினான். உள்ளே ஓர் உலோக முள்ளில் பச்சைப் பூசணம்போல் களிம்பு பிடித்திருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் குர்பானி ஆட்டை அவன் இந்தக் காரிலேயே ஏற்றி வந்தான். நாற்றம் போக ரப்பர் குழாயை உள்ளேயே விட்டுப் பீய்ச்சிக் கழுவினான். ஊரில் எல்லோரும் அப்படித்தான் கழுவுகிறார்கள். மற்றவர்கள் வண்டியில் அதைச் செய்தால் திட்டுவான். 'பெடல் பக்கம் தண்ணி விடாதீங்க' என்று வாசலில் நின்று சொன்ன அரீஜிடம், 'வண்டியப் பத்தி எனக்கே பாடமா?' என்றான்.

"ஹாஜி, தீப்பெட்டி இருக்கா?"

"சிகரெட்டா பிடிக்கப்போற இந்த நேரத்துல?"

"குடுங்க ஹாஜி! பெரியப்பா, உங்க அத்தர் பாட்டில்?"

"அது ஆல்கஹால் கலந்ததுடா, கொலோன்."

"அதான் வேணும்."

தீப்பெட்டியின் உரசும் பட்டையைக் கிழித்து மடித்து முள்ளைத் தேய்த்தான். பெரியப்பாவின் தலைத்துணியில் இருந்த ஊசியால் பிளக்கின் விரிந்த வாயை நெருக்கினான். கொலோனை ஊற்றிக் கழுவி, வாயால் ஊதினான். இழுபட்டிருந்த ஒயரைப் பிணைத்த நாடாவை அறுத்துத் தளர்த்தினான். கண்ணில் கொலோன் தெறித்து எரிந்தது. நல்லவேளை, இப்போது கண்ணில் நீர் வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

பெடலை அழுத்தினான். அது தரையைத் தொடும்வரை எண்கள் சேர்ந்தே ஏறின. பதிந்திருந்த கோளாறைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அழித்தான்.

எஞ்சின் உறுமியபோது ஹாஜி கல்லை எடுத்தார். அதே நேரம் மேலேயிருந்து, காற்றில் உடைந்து உடைந்து, அஸர் பாங்கு கேட்டது.

கார் ஏறத் தொடங்கியது. வளைவுக்கு வளைவு நிதால் மூச்சைப் பிடித்துக்கொண்டான். இந்த வளைவில்தான் அவள் குழந்தையை இறக்கியிருப்பாள். இங்கேதான் தனியாக நின்றிருப்பாள்.

அபூ ஹைதம் தொழுது முடித்து வாசலில் நின்றிருந்தார். அழுக்கு ஜிப்பாவையும் சிவந்த கண்ணையும் மேலும் கீழும் பார்த்தார். "அஸர் முடிஞ்சுபோச்சு" என்றார். ஆனாலும் வந்த பெரியவர்களை வாசலோடு அனுப்புவது வழக்கமில்லை. உள்ளே உட்காரவைத்தார். காப்பி வந்தது. கேட்டது கிடைக்கும்வரை அதைத் தொடக்கூடாது என்பதால் அபூ கலஃப் கோப்பையைத் தன் முன்னால் வைத்து, தொண்டையைச் செருமினார்.

"வழியில டயர் பஞ்சராகி..."

"பஞ்சர் இல்ல மாமா" என்றான் நிதால். பெரியப்பா அவன் தொடையைக் கிள்ளினார். அவன் நிறுத்தவில்லை. "கார் ஏத்தத்துல நின்னுபோச்சு. அரீஜ் சொன்ன அதே எடம், அதே கோளாறு. அவ சொன்னது ஒவ்வொண்ணும் நெசம். நான் நம்பல. ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன்."

அபூ ஹைதமின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "சரி. இப்ப அவளைக் கூட்டிட்டுப் போகணும்கிற?"

நிதால் தலையைக் குனிந்தான். "இல்ல மாமா."

"அடேய்!" என்றார் பெரியப்பா.

"தீப்பெட்டியாலயும் கொலோனாலயும் ஒட்டவெச்சிருக்கேன். எப்ப விடும்னு எனக்கே தெரியாது. அந்த வண்டியில அவளையும் கொழந்தையையும் மறுபடி ஏத்தமாட்டேன். நீங்க கோர்ட்டுக்குப் போனாலும் சரி. இதைச் சொல்லத்தான் வந்தேன்."

 ஹாஜி மிஸ்லெஹ் பரிதாபமாகத் தன் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல், "வாப்பா மேல ஏன் அத்தர் வாசனை?" என்று கேட்டது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

பிறகு திரை விலகியது. அரீஜ் வாசல்படியில் நின்றாள். நிதாலைப் பார்க்கவில்லை.

"எந்த ஒயரு?" என்றாள்.

"பெடல் பிளக்கு. தண்ணி எறங்கியிருக்கு."

"நான் தண்ணி விடாதீங்கன்னு சொன்னேன்."

"சொன்ன."

 அவன் நிமிராமல் தன் விரல்களில் இருந்த பச்சைக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி எதைச் சொல்லியும் பயனில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"வாப்பா," என்றாள் அரீஜ், தன் தந்தையிடம். "அவங்களைக் காப்பி குடிக்கச் சொல்லுங்க, ஆறுது."

அபூ ஹைதம் மகளைத் திரும்பிப் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றியா?"

"காரு இங்கயே கிடக்கட்டும்," என்றாள் அவள். "நாங்க பஸ்ல போயிக்கறோம்."